நீலம் போன வழி

எங்கள் வீட்டுத் தண்ணீரை யாரோ திருடுகிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கொஞ்ச நாள் போட்டி இருந்தது. பிறகு அந்தப் பெருமையே வேண்டாம் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு மாதம் அது என்னிடம் இருந்தது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. நாகமலை புதுக்கோட்டையில் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மனையில் போர் போட்டுப் பார்த்ததில் தூசிதான் வந்தது. அதனால் வீட்டின் பக்கவாட்டில், மதில் சுவரை ஒட்டி, தரைக்கு அடியில் பெரிய தொட்டி ஒன்று கட்டினோம். மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீரும், அது பற்றாதபோது லாரித் தண்ணீரும் அதில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்வோம்.

தொட்டியைக் கட்டிக் கொடுத்தவர் சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி. பரவையில் இருந்தார், கட்டட வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்வார். அண்ணன் வீட்டு வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சொன்னபடியே வாங்கவும் இல்லை. மணலும் ஜல்லியும் சிமெண்டும் அப்பா வாங்கிப் போட்டார். அதே கோடையில் சித்தப்பாவின் வீட்டு மாடியிலும் ஓர் அறை எழும்பியது. ஒரே சமயத்தில் இரண்டு வேலையை இழுத்துப் போட்டுச் செய்தான் பாருங்கள் என்று தம்பியின் உழைப்பைப் பற்றி அப்பா பார்ப்பவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மா வீடு. அவர் மதுரைக்குள் ஆண் பிள்ளைகள் படிக்கிற ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருடைய கணவர் ஏதோ அலுவலகத்தில் கிளார்க். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘சார்’. அவர்கள் மகள் என் பள்ளியில் என் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் வருவோம். அவர்கள் வீட்டில் கல் கட்டிய பழைய கிணறு ஒன்று உண்டு. நாங்கள் குடிவந்த புதிதில் அது காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு பந்தும் இரண்டு தேங்காய் மட்டையும்தான். ஆறேழு மாதத்தில் அதில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. ஆண்டவர் கண் திறந்துவிட்டார் என்றார் டீச்சரம்மா. குழாய் வராத நாட்களில் அம்மாவும் அந்த ஆண்டவரிடமிருந்து இரண்டு குடம் வாங்கிக்கொள்வாள்.

எங்கள் தொட்டியில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை.

சாயங்காலம் லாரிக்காரர் கழுத்துவரை நிரப்பிவிட்டுப் போவார். மறுநாள் மூடியைத் திறந்தால் ஒரு முழம் இறங்கியிருக்கும். நாங்கள் மூன்றே பேர். அம்மா கணக்காகச் செலவு செய்பவள்; அரிசி கழுவிய தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றுவாள். அப்பா ஒரு மூங்கில் குச்சியில் பெயிண்டால் கோடு கோடாகப் போட்டு, காலையும் மாலையும் தொட்டிக்குள் விட்டு எடுத்துப் பார்த்தார். அதனால் தண்ணீர் இறங்குவது நிற்கவில்லை. எவ்வளவு இறங்குகிறது என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. இரும்பு மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். பூட்டிய தொட்டியிலும் தண்ணீர் இறங்கியது.

வீட்டில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினோம். லாரிக்காரரைச் சந்தேகப்பட்டோம். பால்காரர் மதில் ஓரம் சைக்கிளை நிறுத்துவதைச் சந்தேகப்பட்டோம். நான் ஒரு பழைய நோட்டில் எங்கள் வாசலில் நிற்பவர்களின் அடையாளங்களை எழுதி வைத்தேன். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதையும் எழுதினேன்.

அந்த வாரம் வகுப்பில் நீர்ச் சுழற்சி நடந்தது. கடல், மேகம், மலை, மழை, நடுவில் வளைந்து வளைந்து போகிற அம்புக்குறிகள். வீட்டுக்கு வந்து, நம் தண்ணீர் ஆவியாகிப் போகிறது என்று அறிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்த சித்தப்பா கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பாப்பா சொல்றதுதாண்ணே சரி. வெயில் எம்புட்டு அடிக்குது! தண்ணி நிக்குமா?”

“மூடி போட்டுப் பூட்டுன தொட்டியில எப்படி ஆவியாகும்?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

“அதெல்லாம் சந்து வழியாப் போயிரும் அண்ணி.”

பெரியவர் ஒருவர் என் அறிவியலை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சித்தப்பா போன பிறகு அம்மா ரசப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, “ஏங்க, தொட்டியிலயே எங்கிட்டும் ஓட்டை கீட்டை இருக்குமோ?” என்றாள்.

அப்பா பேப்பரை மடித்தார்.

“என் தம்பி கட்டுனதுடி அது.”

அவ்வளவுதான் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஆனால் சந்தேகத்துக்கு ஒரு வாசலை அடைத்தால் அது இன்னொரு வாசலைத் தேடிக்கொண்டு போகத்தானே செய்யும். இரண்டு நாள் கழித்து, மதிலுக்கு மேலே தலையை எக்கி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்து அம்மா சொன்னாள்:

“ஊரெல்லாம் காஞ்சு கெடக்கு. இவுங்க கெணத்துல மட்டும் ஒரு ஆள் உசரத்துக்குத் தண்ணி. அதுவும் நாம தொட்டி கட்டுனதுக்கு அப்புறம்தான். யோசிச்சுப் பாருங்க.”

அப்பா யோசித்தார். அவர் யோசிக்க யோசிக்க டீச்சரம்மா வீட்டில் எல்லாமே சந்தேகத்துக்கு இடமானது. சார் தோட்டத்தில் எதற்கு அடிக்கடி கடப்பாரை வைத்துக் குத்துகிறார்? போன மாதம் பிளம்பர் வந்து என்ன செய்துவிட்டுப் போனார்? பூமிக்கு அடியில் நம் தொட்டிவரை ஒரு பைப் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அம்மா அவர்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போவதை நிறுத்தினாள். டீச்சரம்மா மதில் வழியாகக் கொடுத்த ஒரு கிண்ணம் பாயசம், கிண்ணத்தோடு இரண்டு நாள் அடுப்படி மேடையில் இருந்து புளித்தது.

பள்ளியில் நான் ஒரு கேள்வி கேட்டேன். அறிவியல் டீச்சர், தண்ணீர் எங்கேயும் காணாமல் போகாது, இடம்தான் மாறும் என்று சொல்லியிருந்தார். அது எந்த இடத்துக்குப் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தண்ணீருக்குப் பெயர் எழுதி ஒட்டியா விடமுடியும் என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டைகளுக்குச் சொட்டு நீலம் போட்டுவிட்டு, மிச்சத் தண்ணீரை வாளியோடு முற்றத்தில் கவிழ்த்தாள். நீலம் சிமெண்ட் தரையில் ஓடி, துளசிச் செடியைச் சுற்றிக்கொண்டு, சாக்கடை ஓட்டையைத் தேடிப் போய் இறங்கியது. எந்த வழியாகப் போனது என்று கோடு போட்டாற்போல் தரையில் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் அம்மா தூங்கும்போது அப்பாவின் சாவிக்கொத்தை எடுத்துத் தொட்டியைத் திறந்தேன். கடையில் வாங்கி வைத்திருந்த நீலப் புட்டிகள் மூன்று. மூன்றையும் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்திருக்கவில்லை. சாயங்காலம் அப்பா மோட்டாரைப் போட்டார். அடுப்படிக் குழாயைத் திறந்த அம்மா கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அப்பாவின் துண்டு நீலம், குளியலறைத் தரை நீலம், உலையில் கிடந்த அரிசி நீலம். யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள் என்றாள் அம்மா. கைநீட்டவில்லை, கண்ணை மட்டும் மதில் பக்கம் காட்டினாள். யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று அப்பா மோட்டார் சுவிட்சுக்குத் தாள் ஒட்டினார். சாப்பாட்டுக்கும் குடிக்கவும் கேன் தண்ணீர் வந்தது. உண்மையைச் சொன்னால் தோல் உரியும் என்று எனக்குத் தெரியும்.

ஒருவரும் தொடாத அந்தத் தண்ணீர் திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு கோடு இறங்கியிருந்தது. அப்பா குச்சியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “உறிஞ்சுறாய்ங்க” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வேனைவிட்டு இறங்கியதும் டீச்சரம்மா மகளிடம், உன் வீட்டுக்கு விளையாட வாரேன் என்றேன். எங்கள் வீட்டில் அவர்களோடு பேச்சு நின்றுபோனது அவளுக்கும் தெரியும். முகமெல்லாம் பூரித்துப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள். பெரியவர்கள் வேலையிலிருந்து வரவில்லை. பல்லாங்குழி எடுத்து வரச்சொல்லி அவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் கிணற்று மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டைப் பார்த்த பக்கத்தில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, இரண்டு கற்களுக்கு நடுவில் இருந்து விரற்கடை அகலத்தில் நீலம் வழிந்துகொண்டிருந்தது. பாசிமேல் அது பளிச்சென்று தெரிந்தது. கீழே தண்ணீரிலும் லேசாக ஒரு சாயம்.

பல்லாங்குழியோடு அவள் வெளியே வந்தபோது நான் எங்கள் வீட்டு வாசலை எட்டியிருந்தேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், நீலம் கலந்ததையும் சேர்த்து. அடிப்பதற்கு அவர் கை ஓங்கவில்லை. என் தலைமேல் கையை வைத்து, “எங்க வீட்டுப் போலீசு” என்றார். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். உடனே பரவைக்குப் போன் போனது. சித்தப்பா, அவசரப்படாதீங்கண்ணே, நான் வந்து பாத்துச் சொல்றேன் என்றாராம். ஏதேதோ வேலை சொல்லி நாளைக் கடத்தி, ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார்.

டீச்சரம்மா குடும்பம் சர்ச்சிலிருந்து வந்து இறங்கிய நேரம். அப்பாவும் சித்தப்பாவும் நானும் போய் நின்றோம். டீச்சரம்மா, வாங்க, உட்காருங்க என்றார். உட்காரவில்லை. கிணற்றைப் பார்க்கவேண்டும் என்றார் அப்பா.

முதலில் எட்டிப் பார்த்தவர் சித்தப்பா. நீலம் வெளுத்துப்போயிருந்தாலும் கோடு அப்படியே இருந்தது. அவர் நிமிர்ந்து மதிலைப் பார்த்தார். மதிலுக்கு அந்தப்புறம் எங்கள் தொட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தார். மறுபடி கிணற்றைப் பார்த்தார். அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது. பேசத் தொடங்கியதும் எங்கள் மூன்று பேரில் அவர் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

“பட்டப்பகல்ல மாட்டிக்கிட்டீங்கள்ல? இந்த நீலம் எங்கிட்டு இருந்து வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்!”

சார் குனிந்து பார்த்துவிட்டு, “உங்க தொட்டி கசியுதோ என்னமோ. எதுக்கும் ஒருவாட்டி எறங்கிப் பாருங்களேன்” என்று மெதுவாகத்தான் சொன்னார்.

“என் வேலையையா குத்தம் சொல்றீங்க? ஊர்ல இம்புட்டு வீடு கட்டியிருக்கேன், ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா? அண்ணே, பாத்தீங்களா, திருடிப்புட்டு நம்ம மேலயே பழியப் போடுறத!”

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “சாமி கும்பிட்டுட்டு வந்த கையோட பொய் சொல்றதுக்கு உங்களுக்குக் கூசல?” என்றார்.

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சார் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீயாம்மா பாத்த?”

“ஆமா டீச்சர்.”

“எப்ப வந்த?”

“செவ்வாக்கிழம. விளையாட வந்தப்ப.”

கதவோரம் நின்ற அவர் மகள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். குற்றம் செய்த வீட்டுப் பிள்ளை வெட்கப்பட்டு ஒளிகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். தொட்டியைக் காலிசெய்து உள்ளே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் அவர்கள் எங்கே பைப் விட்டிருந்தாலும் அடைபட்டுப்போகும். ஆள் வேண்டாம், தானே செய்வதாகச் சொன்னார். மறுநாள் சிமெண்டோடு வந்து ஏணி வைத்து இறங்கினார். உள்ளே ஆகாது, மூச்சு முட்டும் என்று சொல்லி என்னை மூடிப்பக்கமே விடவில்லை.

இரண்டாம் நாள் அப்பா ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் தொட்டிக்குள் இறங்கினார். நான் மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே பேசுவது குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கிக் கேட்டது.

“இம்புட்டா?” என்றது அப்பாவின் குரல்.

சுவரில் எதையோ சுரண்டுகிற சத்தம் கேட்டது.

“கை நுழையுதேடா. அடித்தளம் முழுக்க மணலா உதிருது.”

“அண்ணே, சத்தம் போடாதீங்க. வெளிய கேக்கும்.”

திருடர்கள் போட்ட ஓட்டையைத்தான் இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள் என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்பா மேலே வந்ததும், எம்புட்டுப் பெரிய ஓட்டைப்பா என்று கேட்டேன். அவர் காதில் விழாததுபோல் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். சிமெண்ட் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் சித்தப்பா காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். ‘போயிட்டு வாரேண்ணே’ என்று வாசலில் நின்று சொன்னபோது அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு தொட்டியில் விட்ட தண்ணீர் விட்டபடி நின்றது. டீச்சரம்மா வீட்டுக் கிணறு இறங்கத் தொடங்கியது. ஒரே மாதத்தில் அந்தப் பந்தும் தேங்காய் மட்டையும் மறுபடி தரையில் கிடந்தன. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று தெருவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கடைக்காரர் டீச்சரம்மாவிடம் முகம்கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். சார் கிணற்றுக்கு மேலே தகரம் போட்டு மூடினார். அம்மா தினமும் ஒருமுறையாவது, “பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்பாள். அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார்.

அந்த ஆனி மாதம் குழாய்த் தண்ணீர் ஆறு நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. ஒருநாள் காலையில் அப்பா இரண்டு பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் பிடித்தார். “யாருக்குங்க?” என்றாள் அம்மா. அவர் மதிலைப் பார்த்தார்.

“திருடுனவங்களுக்கு நாமளே ஊத்திக் குடுக்கிறதா? உங்களுக்கு என்ன பைத்தியமா?”

“வாய மூடு” என்றார் அப்பா. அம்மாவிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

குடங்களை டீச்சரம்மா வீட்டுக் கேட்டுவரை அவரே தூக்கி வந்தார். அங்கே இறக்கிவைத்துவிட்டு, “நீ உள்ள கொண்டுபோய்க் குடு” என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் ஒரு குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனேன். டீச்சரம்மா கதவைத் திறந்தார்.

“அப்பா குடுக்கச் சொன்னாங்க.”

அவர் குடத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கேட்டுக்கு வெளியே தெரிந்த அப்பாவின் முதுகைப் பார்த்தார்.

“வேற ஏதும் சொல்லச் சொன்னாராம்மா?”

நான் யோசித்துப் பார்த்தேன். “இல்லயே டீச்சர்.”

எனக்கு ஞாபகம் வரட்டும் என்று காத்திருப்பவர்போல அவர் இன்னும் கொஞ்சநேரம் நின்றார். பிறகு குடத்தை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. திருடியவர்கள் அப்படித்தான் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மழை வரும்வரை அப்படிக் கொடுத்தோம். ஒருநாள்கூட அப்பா கேட்டைத் தாண்டி வந்ததில்லை. எனக்கு அவரைப்பற்றி அவ்வளவு பெருமை. எங்கள் தண்ணீரைத் திருடினவர்களுக்கே எங்கள் அப்பா தண்ணீர் கொடுக்கிறார், அப்படிப்பட்ட மனசு யாருக்கு வரும் என்று பள்ளி வேனில் எல்லாரிடமும் சொன்னேன். முன் சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த டீச்சரம்மா மகளுக்கும் கேட்கவேண்டும் என்று, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.